பத்திரிகையில் இல்லாத வரி

ராஜகோபால் மேஜைமேல் வைத்த கல்யாணப் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மஞ்சள் இன்னும் காயவில்லை. உள்பக்கத்தில் மணமகன் பெயர், மணமகள் பெயர், முகூர்த்த நேரம், மண்டபத்து விலாசம் எல்லாம் முறைப்படி இருந்தன. அதற்கெல்லாம் கீழே, சுற்றமும் நட்பும் வந்து வாழ்த்தும்படி கேட்டுக்கொண்டதற்கும் கீழே, கன்னங்கரேலென்று ஒரு வரி நின்றது.

'இதுவே கடைசி. இத்தனை நாள் யாரும் படிக்கவில்லை. இனி எழுதவும் ஆள் இல்லை.'

கிருஷ்ணவேணி மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

"பட்டுக்கும் நகைக்கும் நடுவுல இது யாரு யக்கா, ஒப்பாரிக்கும் சேத்து அழைச்சிருக்காங்க?" என்றான் டேனியல்.

ராஜகோபாலுக்குச் சிரிப்பு வரவில்லை. காஞ்சிபுரத்தில் அச்சகம் வைத்திருக்கிற மனிதர். கல்யாண மாசத்தில் வழக்கமாக முகம் முழுக்கச் சிரிப்பாக இருப்பவர், இன்று சட்டை நனைய வேர்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"திருப்புட்குழி ராமராஜன் வீட்டுக் கல்யாணம் மேடம். யூனியன் கவுன்சிலர். முதல் பத்திரிகைக்கு மஞ்சள் தடவி குலதெய்வத்துக்கு முன்னாடி வெச்சிருக்காங்க. அவரு சம்சாரம் சாமிக்குக் கேக்கட்டும்னு சத்தமா படிச்சிருக்குது. படிச்சுக்கினே வந்து இந்த வரியையும் படிச்சிடுச்சு. அதோட அங்கயே மயக்கம்."

"சாமி என்னா சொல்லுச்சாம்?" என்றான் டேனியல்.

"சாமி ஒண்ணும் சொல்லல. ராமராஜன் சொன்னாரு. பொண்ணு மேல கண்ணு வெச்ச எவனோ மிரட்டறான், அவன் யாருன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லணும், இல்லன்னா மெஷினைத் தூக்கி ரோட்டுல போட்டுடுவேன்னுட்டாரு."

கிருஷ்ணவேணியின் ஆபீஸ் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடைக்கு மேலே இருந்தது. கீழே நாளெல்லாம் கல்யாணக் கூட்டம், மாடியில் இவள். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளை வீட்டை விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. ஊரில் பாதிக் கல்யாணம் இவள் வாய்ச்சொல்லில் நடந்தது, மீதிப் பாதி இவள் வாய்ச்சொல்லில் நின்றது. ஆனால் ஒரு வீட்டுப் பத்திரிகைகூட இவள் பெயருக்கு வராது. மாப்பிள்ளையின் குடிப்பழக்கத்தைக் கண்டுபிடித்தவளை யார் பந்தியில் உட்காரவைப்பார்கள்? இவள் கையில் கிடைக்கும் பத்திரிகையெல்லாம் இப்படி வழக்காகத்தான் வந்து சேரும். அதற்கு அவள் பழகிவிட்டதாகச் சொல்லிக்கொள்வாள். அது பொய்.

உதவியாளன் டேனியலுக்கு இரண்டு தொழில். ஷேர் ஆட்டோவும் ஓட்டுவான், துப்பும் துலக்குவான். நாற்பதைத் தாண்டிய பிறகும் வாய் அடங்கவில்லை.

"அச்சுக்கு முன்னாடி யாருமே பாக்கலையா?" என்று கேட்டாள் கிருஷ்ணவேணி.

"பாத்தாங்களே! அவங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல பிடிஎஃப் போட்டேன். சித்தப்பா பெரியப்பா வரைக்கும் பாத்து ஓகே சொன்னாங்க. இதோ, நீங்களே பாருங்க. போன்ல சுத்தமா இருக்குது. அந்த வரியே இல்ல. தாள்ல மட்டும் எப்படி மேடம் முளைக்கும்?"

அவர் போனை நீட்டினார். உண்மைதான். மண்டபத்து விலாசம், சுற்றம், நட்பு, அதற்குக் கீழே வெறும் வெள்ளை. அப்போது அந்தப் போனே கிணுகிணுத்தது. திரையில் 'புரூஃப் அம்மா' என்று வந்தது. ராஜகோபால் சட்டென்று பிடுங்கிக் கட் செய்தார்.

"யாரு?"

"எங்க ஃபைலெல்லாம் புரூஃப் பாக்கறவங்க. நேத்து அனுப்பினதுக்கு இன்னிக்குக் காலையில இருந்து போன் பண்ணிக்கினே இருக்குது. அவசர வேலைன்னு புரூஃப் வர்றதுக்கு முன்னாடியே அச்சடிச்சிட்டேன். அடிச்ச பொறவு பிழை சொன்னா எனக்கு வயித்தெரிச்சல்தானே மிச்சம்?"

அந்தப் பிடிஎஃபை டேனியல் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டான். எதற்கு என்று கிருஷ்ணவேணி கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கவுன்சிலர் வீட்டு விருந்துக்கு மண்டபம் எந்தப் பக்கம் என்று மேப்பில் பார்க்கப் போகிறான். பக்கத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தான், எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் காப்பி செய்தான், தனக்கே ஒரு மெசேஜாக ஒட்டினான்.

"யக்கா!"

"இன்னா?"

"விலாசத்துக்கு வால் முளைச்சிருக்குது."

ஒட்டிய மெசேஜில் மண்டபத்து விலாசத்துக்குக் கீழே அந்த வரி இருந்தது. இதுவே கடைசி. ஒரு எழுத்துக்கூட உடையாமல் இருந்தது.

மூன்று பேரும் மறுபடி பிடிஎஃபைத் திறந்து பார்த்தார்கள். வெள்ளைதான். திரையின் வெளிச்சத்தைக் கூட்டியும் பெரிதாக்கியும் பார்த்தார்கள். அப்போதும் வெள்ளைதான்.

"எழுத்து அங்கயேதான் இருக்குது. கண்ணுக்குத்தான் தெரியல," என்றாள் கிருஷ்ணவேணி மெதுவாக. "ராஜகோபால், பின்னால மங்கலா பிள்ளையார் போடுவீங்களே, மேல எழுத்து கீழ சாமி, அது எப்படி?"

"அது டிரான்ஸ்பரன்ட் மேடம். சாமி படத்தோட அழுத்தத்தைக் குறைச்சு, கண்ணாடி மாதிரி ஆக்கிடறது. பத்துல ஒரு பங்கு வெச்சா மங்கலா தெரியும்." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "சுத்தமா குறைச்சிட்டா ஒண்ணுமே தெரியாது."

"எழுத்துக்கும் அப்படிச் செய்யலாமா?"

"சிவராஜுக்கு அது ஒரு கட்டளை மேடம்."

சிவராஜ்தான் ராஜகோபாலுக்குப் பக்கம் கோத்துத் தருகிறவர். ஐயம்பேட்டையில் மாடி அறையில் தனி ஆள். மவுஸைப் பிடித்து இழுத்து வேலை செய்கிறவர் இல்லை. இந்த எழுத்து இங்கே, இந்தக் கோடு அங்கே என்று கட்டளைகளாக எழுதி ஓடவிட்டால் பக்கம் தானாகக் கோத்து பிடிஎஃபாக வந்து விழும். வெளிநாட்டுக் கணிதப் புத்தகங்களை அப்படித்தான் கோப்பார்களாம். அந்த வேலையும் அவருக்கு உண்டு. எல்லாம் மெயிலில் வரும், மெயிலில் போகும். அவர் முகத்தைப் பார்த்தே வெகுநாளாயிற்று என்றார் ராஜகோபால்.

"அப்போ தாள்ல மட்டும் ஏன் கறுப்பா வந்துச்சு?" என்றான் டேனியல்.

ராஜகோபால் தலையில் அடித்துக்கொண்டார். "அச்சுத் தகடு எடுக்கற என் பிளேட் மெஷின் பழசுப்பா. அதுக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும், நடுவுல கண்ணாடின்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது. ஒரு தபா மங்கலா பிள்ளையார் போட்டு அடிச்சேன், கரிச்சட்டி மாதிரி வந்து நின்னாரு. அதுலேருந்து சிவராஜ் கோக்கற வேலையெல்லாம் வெளியூர் மெஷினுக்குத்தான் அனுப்பறது. இப்ப தை மாசம், அங்க இடமில்ல. இதுல சாமி படம் ஏதும் இல்லையேன்னு என் மெஷின்லயே போட்டுட்டேன். சிவராஜ் பய இப்படிக் கண்ணி வெச்சிருப்பான்னு யாரு கண்டா? காலையில இருந்து போன் ஆஃப். ஓடிட்டான். பேரைச் சொல்லிடறேன் மேடம், ராமராஜன் ஆளுங்க பாத்துக்கட்டும்."

"உக்காருங்க."

கிருஷ்ணவேணி குரலை உயர்த்துகிறவள் இல்லை. ஆனாலும் ராஜகோபால் உட்கார்ந்தார்.

"மிரட்டறவன் தெரியற மாதிரி எழுதுவான். இவரு யாருக்கும் தெரியக்கூடாதுன்னு எழுதியிருக்காரு. உங்க மெஷின் காட்டிக் குடுக்கலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது. மறுபடி படிங்க. இதுவே கடைசி, இனி எழுத ஆள் இல்லை. இதுல எங்க மிரட்டல் இருக்குது? ஒரு மனுஷன் போறேன்னு சொல்லியிருக்கான். போயிட்டு வரேன்னு சொல்லல."

கீழே பட்டுக்கடையில் யாரோ சேலை விலைக்கு வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

"நாம குத்தவாளியைத் தேடல," என்றாள் கிருஷ்ணவேணி. "ஒரு உசுரைத் தேடறோம். அவரு இதுக்கு முன்னாடி கோத்த பிடிஎஃபெல்லாம் என் போனுக்கு அனுப்புங்க. அப்புறம் ஒண்ணு. உங்க புரூஃப் அம்மா எப்படி?"

"ஒரு புள்ளியைக்கூட விடாது மேடம்."

"அவங்க இப்படி ஒரு வரி இருக்குதுன்னு எப்பவாச்சும் சொன்னாங்களா?"

"சொல்லலையே. அது… அந்த அம்மா பாக்கற விதமே வேற மேடம்," என்று எச்சில் விழுங்கினார் ராஜகோபால்.

அந்த விழுங்கலைக் கிருஷ்ணவேணி கவனித்தாள். வேறு நாளாக இருந்தால் தொண்டையில் கைவிட்டு வெளியே எடுத்திருப்பாள். இப்போது அதற்கு நேரம் இல்லை.

ஆட்டோ ஐயம்பேட்டை ரோட்டில் பறந்தது. பின்சீட்டில் ஒருத்தியாக உட்கார்ந்து கிருஷ்ணவேணி ஒவ்வொரு பிடிஎஃபாகத் திறந்து காப்பி செய்து ஒட்டினாள். கண்ணுக்குக் காதுகுத்துப் பத்திரிகையாகத் தெரிந்தது, ஒட்டியதும் கடைசியில் ஒரு வரி எட்டிப்பார்த்தது.

'இன்று யாரிடமும் பேசவில்லை. பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.'

ஒரு கிரகப்பிரவேசம்: 'மழை. கொடியில் துணி இருக்கிறது என்று கத்த எனக்கு ஒரு வீடு இல்லை.'

ஒரு பூப்பு நீராட்டு விழா: 'கல்லைக் காயவைத்து ஒற்றைத் தோசை ஊற்றி அடுப்பை அணைப்பது பழகிவிட்டது.'

இந்த வரியைக் கிருஷ்ணவேணி இரண்டு தடவை படித்தாள். அவள் வீட்டிலும் அதே கல், அதே ஒற்றைத் தோசைதான். ஊரார் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அடியில் இந்த மனிதர் ஒரு வரி போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். விசேஷம் நடந்திருக்கிறது, விருந்து நடந்திருக்கிறது, பத்திரிகையை ஆயிரம் பேர் கையில் வாங்கிப் படித்திருக்கிறார்கள். எவர் கண்ணிலும் இது படவில்லை.

"யக்கா, பின்னாடி சத்தமே காணோம். இறங்கிட்டியா?" என்றான் டேனியல் கண்ணாடியைப் பார்த்து.

"ஓட்டுபா."

"உன் குரல் சரியில்லையே."

"ரோடு சரியில்ல. நீ ஓட்டு."

சிவராஜ் குடியிருந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் சம்பூர்ணம் என்கிற அம்மாள் ஜன்னலோரம் ராட்டையில் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நூல்முனையைப் பல்லில் கடித்திருந்ததால், முதலில் கையால்தான் பேசினாள். முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் வாய் திறந்தது. அப்புறம் மூடவில்லை.

"மாடி ஆளா? இருக்கறதே தெரியாதும்மா. காத்துகூட சத்தம் போடும், அந்த ஆளு போடாது. இன்னிக்கு வெள்ளன கிளம்பிப் போயிடுச்சு. போறப்ப பாரு, தோசைக்கல்லைத் தேச்சுக் கழுவி என் வாசப்படியில வெச்சிட்டுப் போயிருக்குது. எதுக்குன்னே புரியல."

கிருஷ்ணவேணி டேனியலைப் பார்த்தாள். அவனுக்கும் புரிந்துவிட்டிருந்தது. நாளைக்குத் தோசை வேண்டும் என்று நினைக்கிறவன் கல்லைக் கொடுப்பானா?

இரண்டு பேரும் மாடிக்கு ஓடினார்கள். கதவில் பூட்டு தொங்கியது. டேனியல் ஜன்னல் இடுக்கில் எட்டிப்பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். உள்ளே கம்ப்யூட்டர்மேல் துணி போர்த்தி, பாயைச் சுருட்டி, துடைத்துவைத்தாற்போல் இருந்தது அறை.

"சாவி எங்க இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள் கிருஷ்ணவேணி.

"அதைக் கேளு! சாவியைப் பூட்டுலயே தொங்க உட்டுட்டுப் போயிடுச்சும்மா அது."

"இப்ப பூட்டுல சாவி இல்லையே?"

"அதான் ஒரு அம்மா வந்து எடுத்துக்கினு போச்சே!"

"எந்த அம்மா?"

"யாரு கண்டா? உங்களுக்குக் கொஞ்சம் முந்தி ஆட்டோவுல வந்துச்சு. ஆட்டோக்காரன் படி வரைக்கும் வந்து உட்டான். மாடி ஏறிக் கதவைத் தட்டு தட்டுனு தட்டிச்சு. பொறவு பூட்டைத் தடவிக்கினே நின்னுச்சு. சாவி கையில பட்டதும் உருவி முந்தானையில முடிஞ்சுக்கிச்சு. எனக்கு வாயில நூலு, கூப்பிட முடியல. இங்கேருந்தே கையைக் கையை ஆட்டறேன், ஏறெடுத்தும் பாக்கல! நேரா என் மூஞ்சிக்கு எதிர்லதான் இறங்கிப் போச்சு. அம்மாடி, என்னா ராங்கி!"

"எந்தப் பக்கம் போனாங்க?"

"வாலாஜாபாத் பக்கம்."

ஆட்டோவுக்குத் திரும்பும்போது டேனியல் தலையைச் சொறிந்தான். "தனி ஆளு தனி ஆளுன்னாங்க. இப்போ சாவி எடுத்துக்கினு போறதுக்கு ஒரு அம்மா இருக்குது. திருடியா இருக்குமோ?"

"திருடி சாவி கிடைச்சா கதவைத் திறப்பாளா, பூட்டிக் கிடக்கற கதவை அப்படியே உட்டுட்டுப் போவாளா?"

"சரி, சொந்தக்காரி."

"சொந்தம் இருக்கறவன் மழையில துணி எடுக்கச் சொல்ல ஆளில்லைன்னு எழுதுவானா?"

"அப்போ யாரு யக்கா? நமக்கு முன்னாடி போறாங்க. அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதுதான் கிருஷ்ணவேணியையும் குடைந்தது. அந்த வரி அச்சில் வந்தது ராமராஜன் வீட்டுக்கும் ராஜகோபாலுக்கும் இவர்களுக்கும் மட்டுமே தெரியும். ராமராஜன் வீட்டுக்குச் சிவராஜ் என்கிற பெயரே தெரியாது. அப்படியிருக்க, யாரோ ஒருத்தி காலையிலேயே எல்லாம் தெரிந்துகொண்டு, வந்து கதவைத் தட்டியிருக்கிறாள்.

அவள் மறுபடி பிடிஎஃப்களைத் திறந்தாள். வேறு வழி இல்லை. போன ஆள் எங்கே போனார் என்று அவர்தான் சொல்ல வேண்டும். காப்பி செய்தாள், ஒட்டினாள். ஒரு வளைகாப்பு, ஒரு கடைத் திறப்பு. எல்லாவற்றிலும் தனிமை மட்டும் இருந்தது, ஊர் இல்லை. கடைசியில் ஒரு தெப்பத் திருவிழா நோட்டீஸ் வந்தது.

'தெப்பம் பார்க்கப் போகவில்லை. தென்னேரியில் கலங்கல் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தேன். அங்கே மட்டும் பக்கத்தில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கிறது.'

"டேனியலு! தென்னேரி!"

"ஏரிக்கா போயிருக்காரு?" அவன் குரலில் கிண்டல் போய்விட்டது. ஆட்டோவின் காதைத் திருகினான்.

வாலாஜாபாத் கூட்டத்தில் டேனியல் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்த விதத்தை அவன் மனைவி பார்த்திருந்தால் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். வழியில் ராஜகோபால் கூப்பிட்டார். ராமராஜன் ஆட்கள் கடை வாசலில் வந்து நிற்கிறார்களாம். பேரைச் சொல்லிவிடட்டுமா என்றார்.

"சொல்லுங்க," என்றாள் கிருஷ்ணவேணி. "புரூஃப் வர்றதுக்குள்ள அச்சடிச்சவன் பேரு ராஜகோபால்னு சொல்லுங்க." அவர் பதில் பேசுமுன் கட் செய்தாள். அந்த நேரத்திலும் அதில் ஒரு சின்னத் திருப்தி இருந்தது அவளுக்கு.

மழைக்காலம் முடிந்து ஏரி தளும்பி நின்றது. கரையோரம் ஒரு ஆட்டோ நின்றது, அதன் டிரைவர் கைகட்டிக்கொண்டு கரைமேல் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தான். உபரி நீர் வழிகிற கலங்கலின் இரைச்சல் தூரத்திலேயே கேட்டது. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு பெண்குரல் கேட்டது.

"இன்று யாரிடமும் பேசவில்லை! பால்காரர் பாக்கெட்டைக் கதவில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்!"

கிருஷ்ணவேணி அப்படியே நின்றுவிட்டாள்.

கரைமேல் ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயசு இருக்கும். நூல்சேலை, முந்தானையில் ஒரு முடிச்சு. தண்ணீரைப் பார்த்து நின்றாள். இல்லை, தண்ணீருக்கும் கரைக்கும் நடுவே எங்கேயோ முகத்தைத் திருப்பி நின்றாள். கையில், மடக்கிப் பைக்குள் வைத்துக்கொள்கிற ஒரு வெள்ளைக் கோல்.

"மழை! கொடியில் துணி இருக்கிறது என்று கத்த எனக்கு ஒரு வீடு இல்லை!"

"யக்கா," என்றான் டேனியல் கிசுகிசுப்பாக. "இது நம்ம கிரேஸ் அக்கா. எங்க சர்ச்சுல பாடுவாங்க. பொறந்ததுல இருந்தே அவங்களுக்குக் கண்ணு தெரியாது."

அவ்வளவுதான். ராஜகோபால் விழுங்கிய எச்சிலுக்கு அர்த்தம் வந்தது. பூட்டைத் தடவிய கைக்கும், சம்பூர்ணம் ஆட்டிய கையைப் பார்க்காத ராங்கிக்கும் அர்த்தம் வந்தது. புரூஃப் அம்மா பார்க்கிற விதமே வேறு. கண் படிக்கும்போது தப்பைத் தாவிப் போய்விடும், காது தாவாது என்று ராஜகோபால் இவளைப் பிடித்திருக்கிறார். பார்வையில்லாதவர் பிழை திருத்துகிறார் என்றால் பார்ட்டிகள் நம்பமாட்டார்கள் என்று வெளியே மூடிவிட்டார். சிவராஜிடமும் சொல்லவில்லை. இவள் போன் பிடிஎஃபை வாய்விட்டுப் படித்துக் காட்டும். அதற்குக் கறுப்பும் ஒன்று, கண்ணாடியும் ஒன்று. எழுத்து இருந்தால் படித்துவிடும். கண்ணுள்ள ஆயிரம் பேருக்குத் தெரியாமல் மறைத்த வரி, கண்ணில்லாத ஒருத்திக்கு மட்டும் வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. இன்று காலை கடைசி வரியைக் கேட்டுவிட்டு அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ராஜகோபால் கட் செய்துகொண்டே இருந்தார். அதற்குமேல் காத்திருக்காமல், மெயிலில் சிவராஜ் பெயருக்குக் கீழே இருந்த விலாசத்துக்குப் போய், கதவு பூட்டியிருந்ததும் தென்னேரி வரியை நினைத்து இங்கே வந்திருக்கிறாள்.

"கல்லைக் காயவைத்து," கிரேஸின் குரல் கம்மியது. இருமிக்கொண்டு மறுபடி கத்தினாள். "ஒற்றைத் தோசை ஊற்றி அடுப்பை அணைப்பது பழகிவிட்டது!"

சிவராஜ் அங்கே இருக்கிறாரா, ஏற்கனவே போய்விட்டாரா என்றுகூட அவளுக்குத் தெரியாது. தெரியாமலேதான் கத்திக்கொண்டிருந்தாள். கிருஷ்ணவேணியின் கண் கலங்கல் பக்கம் ஓடியது. தண்ணீர் வழிகிற விளிம்பில், பாசி பிடித்த கடைசிக் கல்லின்மேல், ஒரு மெலிந்த மனிதர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை. கரைமேல் நின்ற பெண்ணை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டேனியல் ஓட எத்தனித்தான். கிருஷ்ணவேணி அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நாம போனா பயந்துடுவாரு. அவங்க பேசட்டும்."

"யாருங்க நீங்க?" சிவராஜின் குரல் வெகுநாள் உபயோகிக்காத கதவு போல் வந்தது.

கிரேஸ் சட்டென்று அந்தத் திசைக்குத் திரும்பினாள். முகம் முழுக்க வேர்வையும் கண்ணீரும். "இருக்கீங்களா! சிவராஜ் சார்தானே? இருக்கீங்களா!"

"அது… நான் எழுதினது. அதை எப்படி… யாருமே படிக்க முடியாதே."

"படிக்கல சார். கேட்டேன். எல்லாத்தையும் கேட்டேன். முதல்ல மெஷின் உளறுதுன்னு நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு ஃபைலும் எப்ப முடியும், உங்க வரி எப்ப வரும்னு காத்துக்கினு இருந்தேன்."

"ஏன் ராஜகோபால்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீங்க நிறுத்திடுவீங்களே." அவள் கோலை இறுகப் பிடித்துக்கொண்டாள். "நானும் தனிதான் சார். எங்க வீட்டுல ராத்திரி எங்கிட்ட பேசறது உங்க வரி ஒண்ணுதான். அதையும் கெடுத்துக்க மனசு வரல. பதில் சொல்லாம இருந்தது என் தப்பு. பொல்லாத தப்பு. அதுக்குத்தான் கத்தறேன்."

கலங்கல் இரைந்துகொண்டிருந்தது. சிவராஜ் கல்லின்மேலேயே நின்றார். திரும்பி ஒரு தடவை தண்ணீரைப் பார்த்தார். கிருஷ்ணவேணி டேனியலின் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் கிண்டல் செய்யவில்லை.

கிரேஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"சாவியைப் பூட்டுலயே உட்டுட்டு வந்துட்டீங்க சார். எடுத்தாந்திருக்கேன். இந்தாங்க."

கையை நீட்டினாள். அவள் நீட்டிய பக்கம் ஒருவரும் இல்லை. வெறும் காற்றும் கரைமேட்டு நாணலும்தான் இருந்தன. அது தெரியாமல், கையைக் கீழே இறக்காமல், அவள் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சிவராஜ் வெறுங்காலோடு கல்லைவிட்டு இறங்கினார். பாசியில் வழுக்கி, கையூன்றி, கரை ஏறினார். அவளுக்குப் பக்கத்தில் வந்தும் நிற்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய், அவள் கை நீட்டியிருந்த இடத்தில் நின்று, சாவியை வாங்கிக்கொண்டார்.